முற்றத்தில் ஈயம் காய்ச்சும் வீடும் மண் தின்னும் பிள்ளையும்

கேள்வி இது: தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடலோர ஊர். மாமனார் நண்டு வலைக்கு வேண்டிய ஈயக்குண்டுகளைப் பழைய பேட்டரியை உடைத்து வீட்டு முற்றத்திலேயே காய்ச்சி ஊற்றுகிறார். 3 வயதுப் பையன் மண் தின்கிறான், வெளிறிப் போயிருக்கிறான், நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். கேட்கும் பெண் 6 மாதக் கர்ப்பிணி. “மீனில் ஈயம் இருக்கிறது என்கிறார்களே, மீனை நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

மீனை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்த அடுப்பை, அதுவும் இன்றைக்கே. பையனுக்கும் உங்களுக்கும் இந்த வாரமே ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். பாதரசம் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போவதுபோல ஈயம் மீனின் சதையில் சேர்வதில்லை. நீங்கள் ஆக்கும் நெத்திலியும் சாளையும் முள்ளோடு கால்சியம் தருகிற உணவு. ஈயம் உடம்பில் ஏறாமல் தடுப்பதற்கு அதுவே உதவியும் செய்யும்.

முதலில் ‘ஈயம்’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். நம் பேச்சில் மூன்று உலோகங்களுக்கு இந்தப் பெயர் ஓடுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம். அலுமினியச் சட்டியையும் பல வீடுகளில் ஈயச்சட்டி என்றே சொல்கிறோம். வலையின் அடிக்கயிற்றில் தொங்குவது காரீயம். நஞ்சு காரீயம்தான். “சட்டியில் சோறாக்கி எத்தனை தலைமுறை தின்றோம், என்ன ஆச்சு?” என்று வீட்டில் யாராவது சொன்னால், அவர்கள் வேறொரு உலோகத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பொருள்.

கடலுக்குள் போய்விட்ட குண்டால் உங்கள் பிள்ளைக்குக் கெடுதி வருவதில்லை. அது திடப்பொருள், தோல் வழியாக உள்ளே இறங்காது. கெடுதி வருவது அந்தக் குண்டு உருவாகும்போது. காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும். 350 முதல் 400 டிகிரிக்குள் வைத்திருந்தால் அச்சில் ஊற்றப் போதும்; ஆவியும் அந்தச் சூட்டில் மிகக் குறைவு. ஆனால் நம் பக்கத்து அடுப்பில் எரிவது சீமைக்கருவேல விறகு, இல்லாவிட்டால் அதன் கரி. கரிக்குக் கொஞ்சம் காற்று ஊதிவிட்டால் சட்டி 500, 600 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். உருகிய ஈயத்தின் முகம் வெள்ளிபோலப் பளபளவென்று இல்லாமல் மஞ்சளும் நீலமும் ஊதாவும் கலந்து படர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அறியலாம். அப்போது எழும் புகை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய ஈய ஆக்சைடு. மூச்சில் போனால் நுரையீரலின் அடிவரை போய் அப்படியே ரத்தத்தில் கலக்கும். மீதி கூரையிலும் திண்ணையிலும் காயப்போட்ட துணியிலும் மணலிலும் படியும்.

புகையைவிட மோசமானது கசடு. மேலே திரளும் சாம்பல் மஞ்சள் ஆடையைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுகிறார்களே, அது ஈய ஆக்சைடுப் பொடி. ஆறியதும் மாவுபோல உதிர்ந்து மணலோடு கலந்துவிடும். சமையல் தூளுப்பில் ஒரே ஒரு மணியை விரல் நுனியில் ஒட்டிப் பாருங்கள். அந்தப் பருமனுள்ள ஈய ஆக்சைடுத் துணுக்கில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கும். ஒரு குழந்தையின் உணவு வழியாக ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க உணவு மருந்துத் துறை வைத்திருக்கும் அளவு. ஒரு உப்புமணி அதைப்போல ஏறக்குறைய 100 மடங்கு. உங்கள் பையன் மணலை ஒரு பிடி அள்ளி வாயில் போடுகிறான்.

இதிலும் பேட்டரி ஈயம் தனிக்கதை. பழைய குண்டுகளை மட்டும் மறுபடி உருக்குவது ஒரு அளவு ஆபத்து என்றால், பேட்டரியை உடைப்பது பல மடங்கு. பேட்டரித் தகட்டில் கெட்டி உலோகமாக இருப்பது சட்டகம் மட்டும்தான். அதில் அப்பியிருக்கும் பழுப்புப் பசையெல்லாம் ஈய டைஆக்சைடும் ஈய சல்பேட்டும். உடைக்கும்போதே அது பொடியாகிவிடுகிறது. ஆசிட்டை மணலில் ஊற்றினால் அதோடு சேர்ந்து ஈயமும் மண்ணில் இறங்குகிறது. சட்டகத்தில் ஆன்டிமனியும், சிலவற்றில் ஆர்செனிக்கும் கலந்திருக்கும்.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் டக்கார் நகரத்தை ஒட்டி தியாரோயே சுர் மேர் என்று ஒரு கடற்கரைக் குடியிருப்பு உண்டு. அங்கேயும் கொல்லர்கள் பேட்டரியை உடைத்து மீன் வலைக்குக் குண்டு ஊற்றிவந்தார்கள். பிறகு ஈயத்தின் விலை ஏறியதும், மணலில் கலந்து கிடந்த ஈயத்தையே பெண்கள் சலித்தெடுத்து விற்கத் தொடங்கினார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள், சில மாதங்களில், 18 குழந்தைகள் வலிப்பு வந்து செத்துப்போனார்கள். முதலில் காரணமே தெரியவில்லை. தாய்மாரையும் உடன்பிறந்த பிள்ளைகளையும் சோதித்தபோதுதான் ரத்தத்தில் ஈயம் தெரிந்தது. அதுவும் நம் கரையைப்போல மணல் தரைதான். அதே தொழில், அதே வலை.

உடம்புக்குள் ஈயம் செய்யும் வேலை இதுதான். அது கால்சியம்போல வேஷம் போடும். குடல் அதைக் கால்சியம் என்று நம்பி உள்ளே விடும், எலும்பு வாங்கி வைத்துக்கொள்ளும், நரம்பு முனைகளில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கும். வாய்வழி போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல 4, 5 மடங்கு குழந்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் சிவப்பு நிறமி உருவாகும் பாதையில் இரண்டு நொதிகளை அது முடக்குவதால் ரத்தச்சோகை வரும். குடல் சுணங்கி மலச்சிக்கலும் வயிற்றை முறுக்கும் வலியும் வரும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், மூட்டு வலிக்கும், ஆண்களுக்கு விந்தணு குறையும். நெடுநாள் அதிகமாகச் சேர்ந்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். ஈறு ஓரத்தில் நீலக்கறுப்புக் கோடு விழும். மாமனாரின் ஈறையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கோடு இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

பிள்ளைகளுக்கு நடப்பது வேறு. ஓடி விளையாடிக்கொண்டே இருப்பார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. கவனம் நிற்காமை, பேச்சு தாமதம், படிப்பில் பின்தங்கல், காரணமில்லாத மூர்க்கம் என்று மெல்ல வெளிப்படும். இதில் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: அளவு கூடினால்தான் அறிவு குறையும் என்று நினைக்கிறார்கள். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு முதல் 10 மைக்ரோகிராம் ஏறும்போது நடக்கும் இழப்பே மிகச் செங்குத்தானது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்வதே இல்லை.

மண் தின்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைதான் பெரும்பாலும் மண் தின்னும். அந்த மண்ணில் ஈயம் இருந்தால் ரத்தச்சோகை இன்னும் கூடும். இரும்பு குறைந்த குடல் ஈயத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். அடித்தாலும் அதட்டினாலும் இந்தச் சுழல் நிற்காது.

பரிசோதனைக்கு வருவோம். கேட்க வேண்டியது ரத்த ஈய அளவு, முழு ரத்தத்தில். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் அல்ல, ஏனென்றால் ஈயம் சிவப்பணுக்களில்தான் ஒட்டியிருக்கும். கை நரம்பிலிருந்து 2, 3 மில்லி ரத்தம், ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். விரலில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டும். சின்ன ஆய்வகங்களில் எந்திரம் இருக்காது. மாதிரியை வாங்கிப் பெரிய ஊருக்கு அனுப்பி முடிவு தருவார்கள், அதற்குச் சில நாட்கள் ஆகும். முடியிலோ சிறுநீரிலோ பார்ப்பது இந்த இடத்தில் வீண்செலவு. கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். பையன் வயதுக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தச்சோகை. டாக்டரிடம் “மலச்சிக்கல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வீட்டில் பேட்டரி ஈயம் காய்ச்சுகிறோம், பிள்ளை மண் தின்கிறான்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி சொன்னால்தான் அவர் சரியான பரிசோதனையை எழுதுவார். வயிற்றை எக்ஸ்ரே எடுத்து, விழுங்கிய துணுக்குகள் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகின்றனவா என்றும் பார்ப்பார்.

முடிவு ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-லிருந்து குழந்தைகளுக்கு 3.5-ஐக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது. 20-க்கு மேல் போனால் சில வாரங்களுக்குள் மறுபரிசோதனை. 45-ஐ எட்டினால் இரண்டு நாளுக்குள் மறுபடி பார்த்து, மருத்துவமனையில் ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுக்க வேண்டும். வலிப்பு, ஓயாத வாந்தி, தூக்கக் கலக்கம், தள்ளாடும் நடை என்று எது வந்தாலும் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்த மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. சக்சிமர், கால்சியம் ஈடிடிஏ போன்றவை ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றுபவை. ஈயம் இன்னும் வந்துகொண்டிருக்கும் வீட்டில் இருந்துகொண்டே இவற்றைச் சாப்பிட்டால் பயன் வீணாகும், சில சமயம் குடலிலிருந்து ஈயம் கூடுதலாகவே ஏறும். ஈடிடிஏ என்ற பெயரில் கால்சியம் இல்லாத சோடியம் வகையும் உண்டு. அதைத் தப்பாக ஏற்றி, ரத்தத்தில் கால்சியம் சரிந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஆகவே இது மருத்துவமனை வேலை. 20 முதல் 44 வரை ஈயம் இருந்த பிள்ளைகளுக்குச் சக்சிமர் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது: ரத்த அளவு இறங்கியது, ஆனால் அறிவுத்திறன் தேர்வில் எந்த வித்தியாசமும் இல்லை. போன அறிவை மருந்து திருப்பித் தராது. அதனால்தான் அடுப்பைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறேன். உடம்பிலிருந்து ஈயத்தை உறிஞ்சும் என்று விற்கும் பொடிகளையும் கஷாயங்களையும் வாங்க வேண்டாம். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதுவானாலும் இந்த நேரத்தில் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்கக்கூடாது.

சாப்பாட்டில் செய்யக்கூடியது எளிது. வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக ஏறும். அதனால் காலையில் கேழ்வரகுக் கூழோ தோசையோ வயிறு நிறையக் கொடுத்த பிறகுதான் பையனை வாசலுக்கு விட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. நெத்திலி, சாளை, முட்டை, முருங்கைக்கீரை, கூட ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சையோ, ஏனென்றால் கீரையின் இரும்பு சேர வைட்டமின் சி வேண்டும். இரும்பு மருந்தின் அளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது முற்றம். விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. பெருக்கினால் ஈயத்தூசி எழுந்து வீடெங்கும் படியும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனி வாளியில் அலச வேண்டும். இதை நீங்கள் செய்யாதீர்கள், கர்ப்பிணி. கணவரோ வேறு யாரோ முகமூடி போட்டுக்கொண்டு செய்யட்டும். துணி முகமூடி போதாது, என்-95 வேண்டும். அடுப்பைச் சுற்றிச் சாம்பல் மஞ்சள் நிறம் தெரியும் மணலை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மேல்மண்ணை வழித்துக் கெட்டிச் சாக்கில் கட்டி, பிள்ளை எட்டாத இடத்தில் மூடி வைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள். கடலிலோ கிணற்றடியிலோ கொட்டக்கூடாது. வழித்த இடத்தில் வேறு இடத்து மணலை நிரப்பி, முடிந்தால் சிமெண்டுத் தளம் போடுங்கள். வலை மடித்து வைத்திருக்கும் அறையில் பிள்ளை படுத்துத் தூங்குகிறான் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

மாமனாரிடம் பேசுவதுதான் கடினம் என்று தெரியும். “ஈயம் விஷம், விடுங்கள்” என்றால் அவர் வலையை எதைக் கட்டி இறக்குவார்? கணக்கோடு பேசினால் கேட்பார். கடைசியில் அவர் பேரன் விஷயம். முதலில், பேட்டரியை உடைக்காமல் முழுசாகவே பேட்டரிக் கடையில் கொடுத்துவிட்டு, ஊற்றிய குண்டையோ ஈயம் கோத்த கயிற்றையோ விலைக்கு வாங்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பவர் தலையில்தான் வைத்திருக்கின்றன. மாற்றுப் பொருளுக்குப் போவதென்றால் கடல்நீரில் அமிழும் எடையைப் பார்க்க வேண்டும். 1 கிலோ ஈயம் தண்ணீருக்குள் 910 கிராம் எடையாக நிற்கும். அதே இழுப்புக்கு இரும்பு 1.05 கிலோ போதும், ஆனால் துருப்பிடித்துக் கயிற்றை அறுக்கும். வெட்டிய சங்கிலிக்குக் கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) வேண்டும். சிமெண்டுக் குண்டு 1.6 கிலோ வேண்டும், பருமன் ஏழெட்டு மடங்கு. நீரோட்டத்தில் வலை சாயும், கடலடிப் பாறையில் மாட்டும். ஆகவே நிறுத்தி வைக்கும் வலைக்குக் கல்லும் சிமெண்டும் பொருந்தும். ஓட்டத்தில் விடும் வலைக்குப் பொருந்தாது.

பழைய குண்டை உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டிலிருந்து தள்ளி, ஆள் புழங்காத திறந்தவெளியில், காற்று ஊரைப் பார்த்து வீசாத வேளையில் செய்யட்டும். கச்சான் (மேல்காற்று) காலத்தில் அடுப்பு குடியிருப்புக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அந்தச் சட்டியும் கரண்டியும் சமையல்கட்டுப் பக்கம் வரவே கூடாது. குண்டின் துளையில் கடல்நீர் தங்கியிருந்தால், உருகிய ஈயத்தில் போட்டவுடன் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். அடுப்போரம் வைத்து நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்க்கட்டும். வேலைநேரத்தில் பீடியும் வெற்றிலையும் வேண்டாம். குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்துக்குப் பதில் குறடு வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் நுழையுமுன் சோப்புப் போட்டுக் கைமுகம் கழுவி, சட்டை கைலியை மாற்றி, அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். பேரனைத் தூக்குவது அதற்குப் பிறகு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். வலை கட்டுவது, படகு பழுது பார்ப்பது எல்லாம் கரையில் குவியும் 61 நாள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பிள்ளைகள் படகைச் சுற்றியே கிடப்பார்கள். 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்துவிட்டது, ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்கு மட்டும். படகின் பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும். காய்ந்ததைத் தேய்க்கவோ தீயால் கருக்கவோ கூடாது.

ஈயம் வரும் இன்னும் இரண்டு வழிகளையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு இடும் சுர்மா பலதும் ஈயக் கல்லை அரைத்தது, பிள்ளைக்கு வேண்டாம். ஈயச்சொம்பை வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கிறது, புளித்தண்ணீர் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும்.

பையன் எப்போதாவது சின்னக் குண்டை விழுங்கிவிட்டால் “தானாக வெளியே வந்துவிடும்” என்று விடாதீர்கள். வயிற்று அமிலம் அதைக் கரைக்கும். 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈயப் பதக்கம் ஒன்றை விழுங்கிய 4 வயதுச் சிறுவன் சில நாளில் இறந்தான். ரத்தத்தில் 180 இருந்தது. அன்றே எக்ஸ்ரே எடுத்து, வயிற்றில் இருந்தால் குழாய் விட்டு எடுக்க வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. ரத்தத்திலிருந்து ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போலாகும், ஆனால் பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் பல ஆண்டு கிடக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தையின் எலும்புக்காக உங்கள் எலும்பு கால்சியத்தை விடும்போது அந்தப் பழைய ஈயமும் கூடவே வெளிவந்து தொப்புள்கொடி வழியே போகும். கால்சியம் உணவும், சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையும் இப்போது விடாமல் வேண்டும். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன் இன்னொரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். உங்கள் அளவு 40-க்குக் கீழே இருந்தால் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்கும் பிறந்தபின் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.